கன்றின் பங்கு

விருதுநகரிலிருந்து தென்காசிச் சாலையில் போகும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றால், இறங்கி ஏறுகிறவர்களில் பலர் கையில் ஒரு பால்கோவாப் பொட்டலம் இருக்கும். கடையநல்லூருக்கும் புளியங்குடிக்கும் போகிற நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போகும் பண்டம் அதுவே. பாலைச் சர்க்கரையோடு சேர்த்து விறகடுப்பில் சுண்டக் காய்ச்சி இறக்குவார்கள். வேறு சேர்மானம் கிடையாது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் கிண்டிய கோவாவை அந்த ஊர்ப் பெயர் சொல்லி விற்கக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு அது.

அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் ராஜபாளையம். அவ்வூரில் இறங்கி உறவினர் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தால், கறி எந்தக் கடையில் எடுத்தது, யார் அறுத்தது என்று ஒரு வார்த்தை விசாரிப்போம். விசாரிப்பது நல்லதுதான், பேணுதல் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் கோவாப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எவரும் எதையும் விசாரிப்பதில்லை. அதில் கத்தி சம்பந்தப்படவில்லை அல்லவா! கத்தி படாத பண்டத்தில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்பது நம் நினைப்பு.

நமது ஃபிக்ஹுக் கிதாபுகளை எழுதிய இமாம்கள் அப்படி நினைக்கவில்லை. அறுப்பதற்கு ஒரு பாடம் வகுத்ததுபோல, அறுக்கும் நாள் வரை அந்தப் பிராணியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் அவர்கள் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடம் அறுப்புப் பாடத்தில் இல்லை. அதனால்தானோ என்னவோ நம் கண்ணில் படுவதில்லை. மனைவி மக்களைப் பராமரிக்கும் ‘நஃபகா’ப் பாடத்தில் அது இருக்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபின் மதரஸாக்களில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ பேர்பெற்ற கிதாபு. ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தான அந்த மகான், நஃபகாப் பாடத்தில் மனைவிக்குத் தர வேண்டிய உணவு, உடை, இருப்பிடம் பற்றிச் சொல்லி, பெற்றோர் பிள்ளைகளின் செலவைச் சொல்லி, பாடம் முடிகிற இடத்தில் கால்நடைகளுக்கு வருகிறார்கள். தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை என்கிறார்கள். அவர் கொடுக்க மறுத்தால் காஜி சும்மா இருக்க மாட்டார். உண்ணத் தகுந்த பிராணியானால், ஒன்று தீனி போடு, அல்லது விற்றுவிடு, அல்லது அறுத்துவிடு என்று கட்டாயப்படுத்துவார். கழுதை போன்ற உண்ணத் தகாத பிராணியானால் தீனி அல்லது விற்பனை என்ற இரண்டே வழி. இதைச் சொல்லிவிட்டு இமாம் அவர்கள் அடுத்த மஸ்அலாவாக வைப்பது என்ன தெரியுமா? குட்டிக்குத் தீங்கு நேரும்படி தாயிடம் பால் கறக்கக் கூடாது என்பதுதான்.

ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த சகோதரர்கள், இது ஷாஃபிஈ கிதாபு ஆயிற்றே என்று ஒதுங்க வேண்டியதில்லை. ‘ஹிதாயா’விலும் நஃபகாப் பாடத்தின் கடைசியில் இதே விஷயம் வருகிறது. கால்நடைக்குத் தீனி கொடுப்பது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான கடமை, கொடுக்காதவன் பாவி. காஜி தலையிட்டுக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் மட்டுமே பேச்சு. மத்ஹபின் பிரபலமான சொல், காஜி கட்டாயப்படுத்த மாட்டார் என்பது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ கட்டாயப்படுத்தலாம் என்கிறார்கள். நம் நாட்டில் இதற்கென்று காஜி வரப் போவதில்லை. ஆகையால் இரண்டு மத்ஹபாருக்கும் இன்றைய நிலை ஒன்றே. தொழுவத்தில் நாமும் அந்த வாயில்லா ஜீவனும் அல்லாஹ்வும்தான்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. கன்றைப் பட்டினி போட்டுக் கறந்த பால் பன்றிக் கறியைப் போல் ஹராமாகிவிடுமா என்றால், அப்படியல்ல. கூடாது என்பது கறந்தவரின் செயலைப் பற்றிய சட்டம். பால் பால்தான். கோவாவை உண்டவர் மீது பழி இல்லை. ஆனால் மாடு வைத்திருப்பவர் தொழுகையாளியாக இருந்தாலும், அதிகாலையில் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்து செய்கிற முதல் காரியமே பாவமான காரியமாக இருந்துவிடக் கூடாது அல்லவா!

சாகாமல் இருந்தால் போதுமா?

சரி, கன்றுக்கு எவ்வளவு விட வேண்டும்? பால் மாடு வைத்திருக்கும் வீட்டார் கேட்கும் கேள்வி இதுவே. ஒரு காம்பு விட்டால் போதும் என்பார் ஒருவர். கறக்குமுன் நாலு இழுப்பு, மடி சுரக்கும் வரை. பிறகு கன்றை இழுத்துக் கட்டிவிட வேண்டியதுதான் என்பார் இன்னொருவர்.

மின்ஹாஜின் விரிவுரைகளில் இதைப் பற்றி ஓர் அருமையான சர்ச்சை இருக்கிறது. கன்று குடித்து நிறைந்ததற்கு மேல் மிஞ்சியதைத்தான் கறக்க வேண்டும் என்பது அடிப்படை. அந்த ‘நிறைவு’ என்பதற்கு இமாம் ரூயானீ (ரஹ்) அவர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: கன்று செத்துப் போகாமல் நிற்கிற அளவு. இதைப் படித்த இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவோடு போதும் என்பதில் தயக்கத்துக்கு இடமிருக்கிறது என்று எழுதினார்கள். பின்னால் வந்த இமாம் அத்ரயீ (ரஹ்) அவர்கள், அந்தத் தயக்கமே சரி, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் சொல்லும் அதற்கு ஒத்தே இருக்கிறது என்று முடித்தார்கள்.

சகோதரர்களே, பல நூறு ஆண்டுகளுக்கு முன் மூன்று பெரிய இமாம்கள் ஒரு கன்றுக்குட்டியின் வயிற்றைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். உயிர் போகாமல் இருப்பது வேறு, வயிறு நிறைவது வேறு. முன்னதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர், பெரும்பாலான இமாம்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இந்தச் சர்ச்சைக்குப் பெரிதும் உதவுகிறது. பிறந்த கன்றுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். இருபத்தைந்து கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். அதைக் காலையும் மாலையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ‘நாலு இழுப்பு’ எந்தக் கணக்கில் சேரும் என்பதை அவரவர் அளந்து பார்த்துக்கொள்ளலாம். கன்றின் விலா எலும்பும் மயிர் சிலிர்த்து நிற்பதுமே அளவுகோலாகிவிடும். லிட்டர் குவளை கூட வேண்டாம்.

தாயின் பாலைத்தான் கொடுக்க வேண்டுமா, கடையில் கிடைக்கும் கன்றுப் பால் பவுடரைக் கரைத்து ஊட்டலாமா என்று இப்போது கேட்கிறார்கள். இதற்கும் விரிவுரையில் அடி இருக்கிறது. வேறு தாயின் பாலுக்குக் கன்றைத் திருப்பலாம், அது கன்றுக்கு ஒத்துக்கொண்டால். ஒத்துக்கொள்ளாவிட்டால் தன் தாயின் பாலுக்குக் கன்றே அதிக உரிமை உடையது. பவுடருக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து. கன்று அதைக் குடித்துச் செரித்துத் தேறி வந்தால் குற்றமில்லை. கழிச்சல் கண்டு சுருண்டு படுத்தால், மிச்சம் பிடித்த பாலைக் காட்டி நியாயம் பேச முடியாது.

ஒன்றில் மட்டும் பவுடர் ஈடாகாது. அது சீம்பால். கன்று தாயின் வயிற்றிலிருந்து வரும்போது நோயை எதிர்க்கும் சக்தி அதன் இரத்தத்தில் அநேகமாக இருப்பதில்லை. சீம்பால் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடிப்பது சிறந்தது. நேரம் போகப் போகக் குடல் அந்தச் சக்தியை ஏற்றுக்கொள்வது குறைந்து, ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நம் வீடுகளில் மாடு ஈன்றதும் அக்கம்பக்கத்தார் செம்பை எடுத்துக்கொண்டு சீம்பாலுக்கு வந்துவிடுவார்கள். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்தால் அதன் ருசியே தனி, மறுப்பதற்கில்லை. ஆனால் அது இரண்டாம் மூன்றாம் கறவையில் மிஞ்சியதாக இருக்கட்டும். மனிதத் தாய்கூடத் தன் பிள்ளைக்குச் சீம்பாலை ஊட்டியே தீர வேண்டும், மற்றப் பாலூட்டலுக்கு வேறு செவிலி கிடைத்தாலும் இதில் விலக்கில்லை என்று அதே நஃபகாப் பாடத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் இந்த விஷயத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் இதை எங்கோ பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஸவாதா இப்னு ரபீஉ (ரலி) என்ற தோழர் வந்து கேட்டபோது அவருக்குச் சில ஒட்டகங்களைக் கொடுத்து, வீட்டுக்குத் திரும்பியதும் வீட்டாரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லும்படி பணித்தார்கள். குட்டிகளுக்கு நன்றாக உணவளிக்க வேண்டும் என்பது ஒன்று. கறக்கும்போது மடியில் காயம் படாதபடி நகங்களை வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இது பதிவாகியிருக்கிறது. கொடுத்த கையோடு, கொடுத்ததை எப்படி வைத்திருப்பது என்பதையும் சொல்லி அனுப்புகிறார்கள் அண்ணலார்! வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவது சுன்னத்து என்று அறிந்த நாம், மாட்டு மடிக்காக நகம் வெட்டுவதும் நபிபெருமானாரின் கட்டளை என்று அறிந்திருக்கிறோமா?

ளிரார் இப்னு அஸ்வர் (ரலி) அவர்கள் கறந்துகொண்டிருந்தபோது, மடியை ஒட்டக் கறந்துவிடாமல், அடுத்த பாலை அழைத்து வருவதற்குக் கொஞ்சம் விட்டுவைக்கச் சொன்ன ஹதீஸும் உண்டு. இங்கே ஒரு கேள்வி எழலாம். மடியில் பால் தங்கினால் மடிவீக்க நோய் வரும், முழுக்கக் கறந்துவிடுங்கள் என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களே? கடைசிப் பாலைக் கன்றைக் கொண்டு குடிக்க வைத்தால் இரண்டும் நிறைவேறிவிடுகிறது. கறவையில் கொழுப்பு அதிகமுள்ளது அந்தக் கடைசிப் பால்தான். கன்றுக்கும் கொழுத்த பங்கு, மடியும் காலி.

காளைக்கன்று பிறந்தால்

இதுவரை சொன்னது கிடாரிக்கன்று பிறந்த வீட்டுக்குச் சுலபம். நாளை கறக்கப் போகிற மாடு என்று அதைத் தாங்கி வளர்ப்பார்கள். காளைக்கன்று பிறந்த வீட்டில்தான் சோதனை.

முன்பெல்லாம் ஏருக்கும் வண்டிக்கும் கமலைக்கும் காளை வேண்டியிருந்தது. டிராக்டரும் பம்பு செட்டும் வந்த பிறகு, அதிலும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பு மாடுகள் பெருகிய பிறகு, காளைக்கன்றுக்கு வேலை இல்லை. வேலையில்லாத வாய்க்கு எதற்கு இரண்டரை லிட்டர் பால்? அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றினால் காசு. ஆகவே சில தொழுவங்களில் காளைக்கன்று மூலையில் கட்டப்பட்டு, மடி சுரக்க வைப்பதற்கு மட்டும் அவிழ்க்கப்பட்டு, நாளுக்கு நாள் தேய்ந்து ஒருநாள் எழுந்திருக்காமல் போகிறது. யாரும் கொல்லவில்லை, தானே செத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். சாதி மதம் பார்த்து நடக்கும் காரியம் அல்ல இது. பால் விற்பவர் எல்லாரையும் இழுக்கிற இழுப்பு இது.

மார்க்கம் இங்கே என்ன சொல்கிறது? தீனி, விற்பனை, அறுப்பு என்று மின்ஹாஜில் பார்த்த மூன்று வழிகளில் ‘பட்டினி’ என்ற நான்காவது வழி இல்லை. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், அவிழ்த்துவிட்டுத் தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளான செய்தி நமக்கெல்லாம் மனப்பாடம். கட்டிப் போட்ட கயிறு அங்கே பூனையின் கழுத்தில். இங்கே கன்றின் கழுத்தில். மேலும் இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் பூனைக்குரிய உணவைத் தான் எடுத்து விற்கவில்லை.

மூன்று வழிகளில் அறுப்பது நம் மாநிலத்தில் அடைபட்டிருக்கிறது. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிராணிகள் பாதுகாப்புச் சட்டப்படி மாட்டினத்தை அறுக்கச் சான்றிதழ் வேண்டும். பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, தீராத நோயோ ஊனமோ உண்டு என்றோ கண்டால்தான் சான்றிதழ் தருவார்கள். சட்டம் அப்படி இருக்கையில், மீதமுள்ளவை தீனியும் விற்பனையும்தான். பால் மறக்கும் வரையேனும் நன்றாக ஊட்டி, வளர்த்துக்கொள்ளும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது நடக்கக் கூடிய காரியம். விலை குறைவாகத்தான் கிடைக்கும். அந்தக் குறைவு பால் வருமானத்தின் மீது விழுகிற செலவு என்று கணக்கெழுத வேண்டுமே தவிர, கன்றின் வயிற்றில் எழுதக் கூடாது. இப்போது பெண் கன்றாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்து சினை ஊசி வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடாரியாக அமைகிறது என்கிறார்கள். பிறந்த கன்றைப் பட்டினி போடுவதைவிட, பிறக்குமுன்பே யோசிப்பது எவ்வளவோ மேல்.

அறியாமைக் காலத்து அரபிகளிடம், ஒட்டகத்தின் தலைக்குட்டியைப் பிறந்த சூட்டிலேயே அறுத்துவிடும் வழக்கம் இருந்தது. அதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள், அதை விட்டுவைத்து வளர்த்துப் பெரியதாக்கிப் பயன்படுத்துவதே மேல் என்று அறிவுறுத்தினார்கள். பிறந்த உடன் அறுத்தால் பாலும் வற்றிப் பாத்திரம் கவிழும், தாயும் குட்டிக்காகப் பித்துப் பிடித்து அலையும் என்று காரணமும் சொன்னார்கள். அபூதாவூத், நஸாயீ கிதாபுகளில் உள்ளது இது. பாத்திரத்தைப் பற்றிய கவலையும் தாயின் துயரத்தைப் பற்றிய கவலையும் ஒரே பேச்சில் வருவதைக் கவனியுங்கள். பால்காரருக்கு எந்தக் காரணம் உறைக்குமோ அந்தக் காரணமும் அதில் இருக்கிறது.

கன்று இல்லாமலே பாலை இறக்க ஊசி போடும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே, பால் சுரப்புக்காக உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசிகளைப் போடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதேபோல், சந்தைக்குக் கொண்டு போகுமுன் ஓரிரு நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டி விற்பது. மாட்டுக்கு வேதனை, வாங்குபவருக்கு மோசடி. இப்படி ஏமாந்து வாங்கியவர் மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஹதீஸ் அவருக்கு உரிமை தந்திருக்கிறது.

மலையடிவார ஆடுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால் மாடு. அதைத் தாண்டி ராஜபாளையம் பக்கம் வந்தால் ஆடு. மேற்கே மலை, கிழக்கே சாத்தூர், சிவகாசி வரை கரிசல். கறுத்த மேனியும் முகத்தின் இருபுறமும் இறங்கும் கோடுமாகக் கால் உயர்ந்து நிற்கும் கன்னி ஆடு இந்தச் சீமைக்கே உரியது. கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்பழுப்பானால் செங்கன்னி. அறுவடையான காட்டில் இரவு ஆட்டுக்கிடை போடுவார்கள். ஆட்டுக்குப் படுக்கை, நிலத்துக்கு எரு. மேய்ப்பவர் நெல்லோ காசோ பெறுவார். மனிதனும் பிராணியும் மண்ணும் ஒன்றுக்கொன்று உதவி வாழும் ஏற்பாடு இது. திருக்குர்ஆனின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில், மந்தையைக் காலையில் ஓட்டிப் போவதிலும் மாலையில் ஓட்டி வருவதிலும் நமக்கு ஓர் அழகு வைத்திருப்பதாக அல்லாஹு தஆலா கூறுகிறான். கிடை ஆடுகள் மாலையில் புழுதி எழுப்பி வருவதைப் பார்த்தவருக்கு அந்த ஆயத்துக்குத் தஃப்ஸீர் வேண்டாம்.

மேய்ச்சலுக்கும் கிதாபில் சட்டம் உண்டு. மேய்ந்து வயிறு நிரம்புமானால் மேய விடுவதே போதும். நிரம்பாவிட்டால் குறையை வீட்டில் தீனி போட்டு நிரப்ப வேண்டும். இந்தச் சட்டம் இப்போது இப்பகுதிக்கு மிகவும் அவசியப்படுகிறது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சல் கூடாது என்று உத்தரவிட்டது. காட்டுப் பிராணிகளும் அல்லாஹ்வின் படைப்பே, அவற்றுக்கும் இடம் வேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் மலையை நம்பி ஐம்பது ஆடு வைத்திருந்தவருக்கு இனி மலை தீனி போடாது. அவர் ஐம்பதையும் வைத்துக்கொண்டு பாதி வயிற்றோடு பட்டியில் அடைப்பதைவிட, தம்மால் தீனி போட முடிந்த இருபதோடு நிறுத்திக்கொள்வதே கிதாபு காட்டும் வழி. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் கொடுத்தார்கள். நாலு ஆட்டை நல்லபடி வைத்திருந்த தாய்மார்கள் நாற்பதை வாட விட்டவரைவிட மேலானவர்கள் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

முதுகு வயிற்றோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்டபோது நபி (ஸல்) அவர்கள், வாய் பேசாத இந்தப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்து, ஏறுவதானாலும் உண்பதானாலும் அவை நல்ல நிலையில் இருக்கும்போது ஏறவும் உண்ணவும் வேண்டும் என்றார்கள். உண்பதைத் தடுக்கவில்லை, உண்ணும் வரை அதன் நிலைமைக்கு நம்மைப் பொறுப்பாளியாக்கினார்கள். நம் நாட்டில் உயிரைக் கொன்று உண்பதே தவறு என்போர் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டிய இடம் இதுவல்ல. ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்வதாக எண்ணி, ‘அல்லாஹ் ஆகுமாக்கியிருக்கிறான்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வோர் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஆகுமாக்கியவன் நிபந்தனையோடு ஆகுமாக்கியிருக்கிறான். கறி தின்பவரும் பால் மட்டும் குடிப்பவரும் கடைசியில் ஒரே தொழுவத்து வாசலில்தான் வந்து நிற்கிறோம்.

ஹிஜ்ரி 660-இல் வஃபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். கிழடாகிப் பயன் தராமல் போனாலும், நோயில் விழுந்தாலும் தீனி நிறுத்தக் கூடாது. தாங்காத சுமை கூடாது. முட்டி மோதித் துன்புறுத்தும் பிராணிகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது. படுக்குமிடம் நன்றாக இருக்க வேண்டும். குட்டியை அதன் தாயின் கண்ணெதிரே அறுக்கக் கூடாது. 2001-இல் மத்திய அரசு வெளியிட்ட அறுப்புக்கூட விதிகளில், ஒரு பிராணியின் பார்வையில் மற்றொன்றை அறுக்கக் கூடாது, சினையானதையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியுள்ள தாயையும் அறுக்கக் கூடாது என்று வந்தபோது, இதெல்லாம் நமக்குப் புதிய கெடுபிடி என்று முணுமுணுத்தவர்கள் இந்த இமாமின் கிதாபைத் திறந்து பார்த்திருக்கலாம்.

பக்ரீதுக்கு ஆடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையிலோ, செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையிலோ உயிர் எடைக்கு ஆடு பிடிக்கிறோம். எடை கூட்டுவதற்காக உப்பு கொடுத்துத் தண்ணீரை வயிறு முட்டப் புகட்டிவிடும் வியாபாரி உண்டு. வயிறு உப்பி மூச்சு வாங்குகிற ஆடு விலை மலிவாக வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். வாங்குபவர் ஒதுக்கினால்தான் அந்தத் தொழில் நிற்கும். வெள்ளாடு ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வயது முடிந்ததாகவும், ஹனஃபி மத்ஹபில் ஒரு வயது முடிந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதும், குருடு, நொண்டி, நோய், எலும்பும் தோலுமான மெலிவு கூடாது என்பதும் தெரிந்ததே. இவற்றை நம் குர்பானி நிறைவேறுவதற்கான நிபந்தனைகளாகவே பார்க்கிறோம். ஆட்டின் பக்கமிருந்து பார்த்தால், அது நன்றாக வாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்கான நிபந்தனைகளும் இவையே. வீட்டுக்கு வந்த ஆட்டின் எதிரில் கத்தி தீட்டாதீர்கள். ஆட்டைக் கிடத்திவிட்டுக் கத்தி தீட்டிய மனிதரிடம், அதை இருமுறை சாகடிக்கப் பார்க்கிறீரா என்ற பொருளில் அண்ணலார் கண்டித்திருக்கிறார்கள்.

கோழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஏனெனில் அதில் நம் கை எட்டுவது குறைவு. நாற்பது நாள் சுமாருக்குள் இரண்டு கிலோ எட்டும்படி இனம் பெருக்கிய பிராய்லர் கோழி, தன் உடம்பைத் தானே தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. பண்ணைக்காரருக்கும் குஞ்சு கொடுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தத்தில் நமக்குச் சொல் இல்லை. ஆனால் கடையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் நம்முடையது. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு போகச் சொல்லாதீர்கள். அறுத்த கோழி துடிப்பு அடங்குமுன் வெந்நீரிலோ உருளும் இயந்திரத்திலோ போடுவதைத் தடுத்துச் சொல்லுங்கள். உயிர் பிரிந்து அடங்கும் வரை தோலுரிப்பதும் இறகு பறிப்பதும் கூடாது என்பது இரு மத்ஹபிலும் உள்ளதே. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மாடு வளர்க்காமல் பால் மட்டும் வாங்குகிற வீட்டார், எங்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பால்காரரிடம், கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுவதே ஒரு பங்கு. லிட்டருக்கு ஒரு ரூபாய் அதிகம் கேட்டால், கன்றுக்கு விட்டுக் கறப்பவருக்கு அதைக் கொடுத்துவிடுவது மற்றொரு பங்கு. தண்ணீர் கலக்காத பாலுக்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறோமே!

கடைசியாக ஒரு மஸ்அலா பாக்கியிருக்கிறது. கன்று நோயில் இறந்துவிட்டால் என்ன செய்வது? கறக்காமல் விட்டால் மடி கட்டி மாட்டுக்கு வேதனையாகும்; அத்தகைய நிலையில் கறக்காமல் விடுவதுதான் கூடாது. சில மாடுகள் கன்று இல்லாமல் பால் இறக்குவதில்லை. அதற்காக இறந்த கன்றின் தோலை உரித்து வைக்கோல் திணித்து எதிரில் நிறுத்துவது நம் நாட்டுப் பழைய வழக்கம். ஊசியைவிட அது மாட்டுக்கு எவ்வளவோ இதமானது. தாய் அதை நக்கிக் கொடுத்துக்கொண்டே பால் இறக்கும். ஆனால் செத்த பிராணியின் தோல் பதனிடப்படும் வரை நஜீஸ். ஷாஃபிஈகள் முறைப்படி பதனிட்டே அதைப் பயன்படுத்த வேண்டும். ஹனஃபி மத்ஹபில் வெயிலில் நன்கு உலர்த்தி ஈரம் போக்கினாலும் போதுமானது. பதனிட்ட பிறகும் தோலில் ஒட்டியுள்ள மயிர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமாவதில்லை. சொற்பமானால் மன்னிப்பு உண்டு. ஆகவே ஷாஃபிஈகளில் கறப்பவர் ஈரக் கையால் அந்தத் தோல் கன்றைத் தொட்டிருந்தால், செம்பை எடுக்குமுன் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.